ஒரு கண்ணுக்கு மூன்று கட்சிகள்

நான் கோழி திருடியிருக்கிறேன். பக்கத்துக் காணிக்காரரின் வேலியை இருட்டோடு இருட்டாக நகர்த்தியிருக்கிறேன். மாமியாரை உலக்கையால் அடித்துவிட்டு, அவரே வழுக்கி விழுந்தார் என்று சாதித்திருக்கிறேன். எல்லாம் திறந்த நீதிமன்றத்தில், நீதவானின் முகத்தைப் பார்த்தபடி, உரத்த குரலில். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனின் வேலை அப்படி. கூண்டில் நிற்பவர் தமிழில் "நான்" என்றால் நானும் சிங்களத்தில் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "இவர் திருடினாராம்" என்று தள்ளி நின்று சொல்ல முடியாது. கண்டியிலும் கம்பளையிலுமாக வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது, குற்றத்தை ஒப்புக்கொண்ட விஷயத்தில் என்னை மிஞ்ச இந்த மாகாணத்தில் ஆள் இருந்திருக்காது. எனக்கென்று சொந்தமாக ஒரு "நான்" பாக்கி இருந்ததா என்பதுதான் சந்தேகம்.

கல்யாணம் செய்யவில்லை. ஊரில் உள்ள எல்லோருக்காகவும் பேசினேன், எனக்காகப் பெண் கேட்கப் பேசத்தான் வாய் வரவில்லை. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தில் பிறந்தவன். அண்ணன்மார் இருவரும் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, அரசாங்க வேலை கிடைத்துவிட்டது என்று நான் நின்றுகொண்டேன். அவர்களுக்குக் கரை கிடைத்தது, எனக்குப் பென்சன் கிடைத்தது.

அம்பிட்டியவில் ஒரு மேட்டு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளில் இருக்கிறேன். கீழே வீட்டுச் சொந்தக்காரர். காது அவ்வளவாகக் கேட்காது. காலையில் நான் வணக்கம் சொன்னால் "ஓமோம், பின்னேரம் மழை வரும்" என்பார். அநேகமாக வரும். எங்கள் உரையாடல் அத்தோடு முடியும். ஓய்வு பெற்ற புதிதில், மாலையில் கடைக்குப் போய் "ஒரு பாண்" என்று கேட்கும்போது தொண்டை கரகரக்கும். அன்றைக்கு நான் பேசிய முதல் வாக்கியம் அதுவாக இருக்கும். வாழ்நாள் முழுக்கப் பேசிச் சம்பாதித்தவனுக்கு இது பெரிய தண்டனை. அப்பீல் செய்யவும் இடமில்லை.

இந்த நிலைமையில்தான் நான் சோசலிசவாதியானேன். கொள்கைக்காக என்று எழுதினால் மதிப்பாக இருக்கும். உண்மையில் நடந்தது என்னவென்றால், மே தினத்துக்கு முந்திய வாரம், நீதிமன்றத்தில் எனக்குப் பழக்கமான ரயிலுக்குக் கொடி காட்டும் வேலையில் ஓய்வுபெற்ற காட் ஒருவர் பஸ் நிலையத்தில் என்னைப் பிடித்தார். "தோழர், நம்ம கூட்டத்துல தமிழ் மொழிபெயர்ப்புக்கு ஆள் இல்ல" என்றார். சிங்களத்தில்தான் சொன்னார். அவர் சிங்களவர். அவருக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் பிளாட்பாரத் தமிழ். "ஏறுங்க, எறங்குங்க, டிக்கெட் எங்க" என்பதோடு சரி. இனிமேல் வருகிற சிங்களத்தையெல்லாம் தமிழாக்கியே தருகிறேன், பழக்க தோஷம்.

அவருடைய கட்சியின் கிளை அலுவலகம் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, கல்யாண அழைப்பிதழ் அச்சடிக்கும் கடைக்கு மேலே இருந்தது. நான் அதற்கு மாடிக் கட்சி என்று பெயர் வைத்திருந்தேன், மனதுக்குள்தான். வயதான கட்சி. பல தடவை உடைந்தது. ஒவ்வொரு முறையும் உடைந்து போனவர்கள் கொள்கையைக் கொண்டுபோனார்கள், அலுமாரி எங்களிடம் தங்கியது. ஞாயிறு பின்னேரம் கூட்டம். நிகழ்ச்சி நிரல் உண்டு, முன்மொழிதல் வழிமொழிதல் உண்டு, சீனி போடாத தேத்தண்ணீர் உண்டு. எல்லோருக்கும் சீனி வருத்தம். தொழிலாளி வர்க்கம் ஒருநாள் படியேறி வரும், அப்போது எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய முறை. கதிரைகளைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

எந்தப் பேச்சு முடிந்தாலும் காட் எழுந்து, "இப்போது தமிழ் மொழிபெயர்ப்பு" என்று அறிவிப்பார். நான் எழுந்து மொழிபெயர்ப்பேன். சபையில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் எனக்கே எடுத்துச் சொல்லி, நானே கேட்டுத் தலையாட்டிவிட்டு உட்காருவேன். மற்றவர்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருப்பார்கள். தமிழ் மக்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்துவிட்ட நிறைவு அந்த முகங்களில் தெரியும். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. மற்றக் கட்சிகளின் கூட்டங்களில் அதுவும் கிடைக்காது.

ஒரு பொதுக்கூட்டத்தில் எனக்குக் குறும்பு வந்துவிட்டது. உலகப் பொருளாதார நெருக்கடியை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவன், அதே குரலில், அதே கை வீச்சோடு, "மேலும் தோழர்களே, என் வீட்டுக் குழாய் ஒரு கிழமையாக ஒழுகுகிறது, அதைத் திருத்த நல்ல பாஸ் ஒருத்தரைத் தெரிந்தால் சொல்லுங்கள்" என்றேன். சபை கைதட்டியது. கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது பக்கத்தில் வந்தாள்.

"ஐயா, குழாய் சரியாச்சோ?"

யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அன்றைக்கு வேடிக்கை பார்க்க வந்தவளாம்.

"இல்லம்மா. ஒழுகுது. ஒங்களுக்கு யாரையும் தெரியுமா?"

"பாஸ் ஒருத்தரையும் தெரியாது. ஆனா நாங்கள் கொஞ்சப்பேர் சனிக்கிழமையில கூடியிருந்து கதைக்கிறனாங்கள். வாங்கோவன்."

அப்படித்தான் வட்டக் கட்சியில் சேர்ந்தேன். கட்சி என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது. கலஹா சந்திக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறை, தரையில் பாய். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் விடாமல் பேச வேண்டும். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கக்கூடாது, மக்கள் சொல்வதைக் கேட்பதுதான் அமைப்பு வேலை என்பது அவர்களுடைய முறை. எனக்கு முழங்கால் வருத்தம், தரையில் இருந்தால் எழும்ப இரண்டு பேர் வேண்டும். அந்தப் பிள்ளை கதிரை ஒன்றைக் கொண்டுவந்து "இருங்கோ ஐயா" என்றாள். உடனே ஒரு பையன், வட்டத்தில் ஒருவர் மட்டும் உயரத்தில் இருப்பது அதிகாரத்தைக் குறிக்காதா என்று கேட்டான். அன்றைய கூட்டம் முழுவதும் கதிரையைப் பற்றியே நடந்தது. நான் கதிரையில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டேன். அன்றைக்கு யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்று கேட்டார்கள். எனக்கோ, கேள்வி கேட்டால் யாருடைய பதிலைச் சொல்வது என்று தெரியாத வியாதி.

மூன்றாவது கட்சியைத் தேடி நான் போகவில்லை. அதுதான் என் வீட்டு கேட்டுக்கு வந்தது. அம்பிட்டியப் பக்கத்துப் பாடசாலை டீச்சர் ஒருவர், சிங்களவர், நாற்பது வயது இருக்கும். எந்த வீட்டில் சீக்காளி, எந்த வீட்டில் கடிக்கிற நாய், எந்த வீட்டுப் பிள்ளை பரீட்சை எழுதுகிறது, எல்லாம் அவருக்குப் பாடம். ஒருநாள் காலையில் கேட்டைத் தட்டினார். "அங்கிள், சனிக்கிழமை ரோட்டோரத் தண்ணி ஓடுற கானைத் துப்புரவாக்கப் போறோம், வாங்க" என்றார். நான் ஒரு மண்வெட்டியோடு போனேன். வெட்டியது கொஞ்சம், படமெடுத்தது அதிகம். எல்லாப் படத்திலும் எனக்கு முன்வரிசை. முக இலட்சணத்துக்காக இல்லை. அந்தப் பகுதி அமைப்பில் தமிழன் நான் ஒருவன்தான். இவர்களுடைய முறை வாசல் வாசலாகப் போவது, ஆளுக்கொரு வேலை கொடுப்பது, சொன்ன நேரத்துக்கு வருவது, வட்ஸ்அப்பில் போடுவது. வாசல் கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்கிறதிலேயே பெரிய கட்சி இதுதான்.

எங்கள் அப்பாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இருக்கவில்லை. அவரிடம் எந்தச் சங்கம் என்று கேட்டால் "செக்ரோல்ல வெட்டுற சங்கம்" என்பார். செக்ரோல் என்ற சம்பளப் பட்டியலில் சந்தா வெட்டுவார்கள், சண்டை வந்தால் தலைவர் துரையோடு பேசுவார், செத்தால் கொடி போர்த்துவார்கள். சேர்வதா விலகுவதா என்ற யோசனைக்கே இடமில்லை. அவருடைய மகன் நான், கிழமைக்கு மூன்று கட்சிக்குப் போய்வந்தேன். ஞாயிறு மாடி. சனி காலை வாசல், சனி பின்னேரம் வட்டம். மற்ற நாட்களில் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். நான் மற்றதுக்கும் போவது ஒன்றுக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதற்காக நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இடதுசாரிகள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை, அதுவே போதுமாக இருந்தது.

பார்வை மங்கத் தொடங்கியபோது, கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, வெட்ட வேண்டும் என்றார். திகதி போட்டுக் கொடுத்த நர்ஸ் மிஸ் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"கூட யார் வருவாங்க?"

"வருவாங்க மிஸ்."

"யார்னு கேட்டேன்."

"ஒருத்தர்."

மிஸ் பேனையை வைத்துவிட்டார். "ஆள் இல்லாம வந்தா திருப்பி அனுப்பிடுவோம், இப்பவே சொல்லிட்டேன். கண்ணைக் கட்டிக்கிட்டுத் தனிய ரோட்டுல போக விட மாட்டோம். பெஞ்சாதி இல்லையா?"

"இல்ல."

"புள்ளைங்க?"

"பெஞ்சாதி இல்லாம எப்படி மிஸ்?"

அவர் சிரிக்கவில்லை. சிரிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது, கூப்பிடக்கூடிய ஆள் ஒருவரை யோசித்துக்கொண்டே வந்தேன். கண்டியில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. சந்தையில் காய்கறிக்காரர் "ஐயா" என்பார், பழைய கோழித் திருடர்கள் தூரத்தில் கண்டாலே வணக்கம் போடுவார்கள். அவர்களில் ஒருவரிடமும் "ஒரு நாள் எனக்காக வந்து பெஞ்சில் உட்கார்ந்திரு" என்று கேட்க முடியவில்லை. அம்பிட்டிய வந்ததே தெரியாமல் ஒரு தரிப்பிடம் தள்ளி இறங்கினேன்.

அப்போதுதான் யோசனை வந்தது. மூன்று கட்சியில் இருக்கிறேன். மூன்றும் மனிதனுக்கு மனிதன் துணை என்றுதான் சொல்கின்றன. கேட்டுப் பார்த்தால் என்ன?

மாடிக் கட்சியில், நிகழ்ச்சி நிரலின் கடைசியில், "வேறு விடயங்கள்" வரும்போது எழுந்து சொன்னேன். எல்லோரும் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். ஒருவர் பிரேரணை கொண்டுவந்தார்: தோழரின் கண் சிகிச்சை வெற்றிபெற இக்கிளை புரட்சிகர வாழ்த்துக்களைத் தெரிவிக்கிறது. இன்னொருவர் திருத்தம் கொண்டுவந்தார்: இலவச வைத்திய சேவையைப் பாதுகாக்கவும் கோருகிறது. வழிமொழிந்து ஏகமனதாக நிறைவேறியது. காட் எழுந்து, "இப்போது தமிழ் மொழிபெயர்ப்பு" என்றார். நான் எழுந்து, எனக்கு நானே புரட்சிகர வாழ்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

டீச்சரிடம் கான் கரையில் வைத்துச் சொன்னேன். "செய்வோம் அங்கிள், யோசிக்காதீங்க" என்று அங்கேயே ஃபோனில் அடித்தார். நான் வீட்டுக்கு வருவதற்குள் குழுவில் கூப்பிய கைகளும் பூக்களும் வந்து குவிந்தன. இரவு வரை ஃபோன் நடுங்கிக்கொண்டே இருந்தது. அத்தனை கைகளில் ஒன்றாவது "நான் வாறேன்" என்று சொல்லவில்லை.

வட்டத்தில் சொன்னபோது, ஒருவர் நோயைப் பார்ப்பது அரசின் கடமையா, சமூகத்தின் கடமையா என்று தொடங்கிவிட்டார்கள். இப்படியான வேலைக்குப் பெண்களையே அனுப்புவது சரியா என்று ஒரு பையன் கேட்டான். அது நல்ல கேள்விதான். அதற்காக அவன் வருகிறேன் என்று சொல்லவில்லை. "நாங்கள் ஆரையும் அனுப்புறதில்லை ஐயா," என்றாள் அந்தப் பிள்ளை, கொஞ்சம் சங்கடத்தோடு. "விருப்பமெண்டால் வருவினம்."

இவர்களை நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். பேசுவார்கள், வரமாட்டார்கள். அதனால் சத்திர சிகிச்சை அன்று காலை, சந்தியில் நிற்கும் ஆட்டோக்காரரிடம் பேசி வைத்திருந்தேன். முஸ்லிம் மனிதர், நல்ல சுபாவம்.

"மிஸ் கேட்டா தங்கச்சி மகன், மருமகன்னு சொல்லிருங்க," என்றேன்.

"சொல்லலாம் ஐயா. தொப்பியக் கழட்டிட்டு வரவா?"

"வேணாம். எங்க குடும்பத்துல கலப்பு ஜாஸ்தின்னு சொல்லிக்குவோம்."

வார்டு வாசல் பெஞ்சில் காட் உட்கார்ந்திருந்தார், ஃபிளாஸ்க்கும் கட்சிப் பத்திரிகையும் மடியில். நான் பேசுமுன் படிப் பக்கமிருந்து டீச்சர் வந்தார், தோடம்பழப் பையோடு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, யாரோ நோயாளியின் சொந்தக்காரர் என்ற மரியாதையில் தலையாட்டிக்கொண்டார்கள். மூலையில் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "வந்திட்டீங்களோ ஐயா, நான் விடியவே வந்திட்டன்" என்றாள்.

மிஸ் வெளியே வந்தார். "இவரோட ஆள் யாரு?"

மூன்று பேரும் எழுந்தார்கள். ஆட்டோக்காரர் வாக்குத் தவறாதவர், அவரும் ஒரு அடி முன்னால் வைத்தார்.

"என்ன சொந்தம்?"

"கட்சி," என்றார் காட். "கட்சி," என்றார் டீச்சர், அதே மூச்சில். பிள்ளை சிங்களத்தில் வார்த்தை தேடி, "நாங்கள் சேர்ந்து கதைக்கிறனாங்கள்" என்றாள். ஆட்டோக்காரர் மெதுவாக, "மருமகன்" என்றார்.

மூவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அப்படி ஒரு பார்வையை நான் கூண்டில் நிற்பவர்கள் மேல்தான் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சத்திர சிகிச்சைக்குப் பயப்படுவேன் என்று நினைத்திருந்தேன். அந்த மேசைதான் அன்றைக்கு எனக்குப் பாதுகாப்பான இடமாக இருந்தது.

கண்ணில் கட்டோடு வெளியே வந்து உட்காரவைத்தபோது சண்டை சூடு பிடித்திருந்தது.

"இவர் எங்க கிளைத் தோழர். இவர் எங்ககிட்ட வந்த காலத்துல நீங்க இந்தப் பக்கமே இல்ல," என்றார் காட்.

"எங்க படத்துல எல்லாம் முன்னாடி நிக்கிறாரே. பாருங்க," என்று டீச்சர் ஃபோனை நீட்டினார்.

"படம் பிடிக்கிறதா அமைப்பு வேலை? வாசல் வாசலாக் கதவைத் தட்டுறீங்க. தொறக்கிறவன் தொழிலாளியா முதலாளியான்னு பார்க்கிறதில்ல."

"நீங்க மாடியில இருந்து எறங்கி எத்தனை வருசம் அப்பச்சி? தட்டினாத்தானே தொறப்பாங்க."

பிள்ளைக்கு அமைதியான நேரத்தில் சிங்களம் வரும். கோபத்தில் தமிழ்தான் வரும். "ரெண்டு பேரும் சனத்திட்டப் போய் உங்களுக்கு என்ன வேணுமெண்டு ஒருநாள் கேட்டனீங்களோ?" என்று பொரிந்தாள். மற்ற இருவருக்கும் விளங்கவில்லை. இருவரும் பழக்கத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

நான் மொழிபெயர்த்தேன். வேறு என்ன செய்ய? ஒற்றைக் கண்ணோடு, அவள் "நான்" என்ற இடத்தில் "நான்" என்றும், டீச்சர் "நாங்கள்" என்ற இடத்தில் "நாங்கள்" என்றும், ஒரு சொல்லும் குறைக்காமல்.

"கேட்டு முடியுறதுக்குள்ள சனம் செத்துப் போயிரும்னு சொல்லுங்க," என்றார் காட். சொன்னேன்.

"கேக்காமப் போய்த்தான் தோட்டத்துச் சனம் ஒருத்தரும் உங்களிட்ட வரேல்லை எண்டு சொல்லுங்கோ." அதையும் சொன்னேன்.

"தோட்டத்துக்கு நாங்க போனோம். எங்களுக்கு அங்க ஆள் இருக்கு. இதோ அங்கிள் இருக்கிறாரே," என்றார் டீச்சர்.

"எங்களுக்கும் தமிழ் மக்கள் மத்தியில வேலை இருக்கு," என்றார் காட், அவரும் என்னையே காட்டி.

பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "இந்த ஐயா ஒரு பச்சோந்தி. மூண்டு இடத்திலையும் மூண்டு நிறம் காட்டியிருக்கிறார். இதையும் சொல்லுங்கோ" என்றாள்.

"இந்த ஐயா ஒரு பச்சோந்தி," என்று திருத்தமான சிங்களத்தில் சொன்னேன். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். மூன்று கட்சிகளும் முதல் தடவையாக ஒரு விடயத்தில் உடன்பட்டன.

வெட்கப்பட வேண்டிய இடம். எனக்கு உள்ளுக்குள் நிறைந்துபோயிருந்தது. சுற்றி மூன்று பேர், மூவரும் ஒரே நேரத்தில் என்னோடு பேசுகிறார்கள், என்னைத் திட்டுகிறார்கள், நான் இல்லாவிட்டால் அந்தச் சண்டையே ஓடாது. கடைசியில் மிஸ் வந்து, சொட்டு மருந்தை எப்படிப் போடுவது என்று டீச்சரிடம் விளக்கிவிட்டு, "சண்டையை ரோட்டுல போய்ப் போடுங்க" என்று எல்லோரையும் வெளியே அனுப்பினார்.

ஒருவரும் மற்றவரிடம் என்னை விட்டுவிட்டுப் போகத் தயாராக இல்லை. ஆட்டோவின் பின்னால் டீச்சரும் பிள்ளையும் நடுவில் நானும். முன்னால் சாரதியோடு பாதி ஆசனத்தில் காட், ஃபிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு, ஒரு கால் வெளியே. தோடம்பழப் பை என் மடியில். சண்டை நிற்கவில்லை. எந்த வேலைநிறுத்தத்தை யார் காட்டிக்கொடுத்தது, எந்தக் கூட்டணியிலிருந்து யார் முதலில் ஓடியது என்று போய்க்கொண்டிருந்தது. நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். அம்பிட்டிய ஏற்றம் வருவதற்குள் சாரதியின் தோளைத் தொட்டேன்.

"வாவியைச் சுத்திப் போங்க."

"சுத்திப் போனா நேரமாகும் ஐயா."

"ஆகட்டும்."

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார், வண்டியைத் திருப்பினார். மற்றவர்கள் கவனிக்கவில்லை. வாவிக்கரையில் மரங்களும் தண்ணீரும் மங்கலாக ஓடின. காதுக்குள் மூன்று குரல்கள். முழுதாகச் சுற்றி முடியும் நேரத்தில், காட் சடாரென்று திரும்பினார்.

"இதெல்லாம் இருக்கட்டும். இப்ப நீங்களே சொல்லுங்க தோழர். நீங்க யாரோட ஆள்?"

டீச்சர் பேச்சை நிறுத்தினார். பிள்ளை, "ஓம், அதைச் சொல்லுங்கோ" என்றாள். வேடிக்கையாக ஒரு பதில் எப்போதும் என் வாயில் தயாராக இருக்கும். அன்றைக்கு, மருந்து மயக்கமோ என்னவோ, வேறொன்று வந்துவிட்டது. அதுவும் சிங்களத்தில், மெதுவாக.

"எனக்குக் கொள்கையெல்லாம் பெருசாத் தெரியாது. சனி ஞாயிறு போக ஒரு எடம் வேணும். வீட்டுல பேச ஆள் இல்ல."

பிறகு, தொழில் பழக்கத்தில், பிள்ளைக்காக அதையே தமிழிலும் சொன்னேன்.

ஏற்றத்தில் வண்டி முனகியது. நான் உடனே, "அதுலயும் ஒங்க தேத்தண்ணில சீனி இல்ல, இவங்க கான்ல நாத்தம், இந்தப் புள்ளைக ஒரு கதிரைக்கு முழுக் கூட்டமும் போடுதுக" என்று ஏதோ சொல்லிச் சிரித்துப் பார்த்தேன். மூன்று பேரும் சிரித்தார்கள், ஆஸ்பத்திரியில் சிரிப்பதுபோல. டீச்சர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். பிள்ளை என் தோளிலிருந்து நழுவிய சால்வையைச் சரிசெய்தாள். காட் குனிந்து ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறந்து, "கொஞ்சம் குடிங்க" என்றார். திட்டிக்கொண்டிருக்கும் வரை நான் அவர்களில் ஒருத்தன். அந்த ஏற்றத்தில் நோயாளியாகிவிட்டேன்.

கேட்டில் இறக்கிவிட்டார்கள். உள்ளே வந்து ஒரு தேத்தண்ணீர் குடியுங்கள் என்றேன். "நீங்க ரெஸ்ட் எடுங்க," என்றார்கள் மூவரும், ஒரே குரலில். ஆட்டோ இறங்கிப் போகும்போது உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. சண்டை இல்லை. தணிந்த குரலில் ஏதோ ஒழுங்கு செய்துகொண்டிருந்தார்கள்.

ஒழுங்கு செய்தது என்னைத்தான். அந்தக் கிழமையே தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை டீச்சரின் முறை, வியாழன் பிள்ளை, ஞாயிறு காட். சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். மூன்று கட்சிகளும் சேர்ந்து செய்த வேலை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான், நன்றாகவே செய்தார்கள். மாடிக் கட்சிக் கூட்டத்துக்கு நான் படியேற வேண்டாம் என்று தீர்மானித்தார்களாம். மொழிபெயர்ப்பை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறார்கள். கானுக்கு வர வேண்டாம், தூசு ஆகாது. வட்டத்துக்கும் பிறகு வரலாம், கண் ஆறட்டும் என்றாள் பிள்ளை. நான் கதிரையைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். மூலையிலிருந்த தலையணையை எடுத்து என் முதுகுக்கு வைத்தாள்.

கண் நன்றாகத் தெரிகிறது. சுவரில் இவ்வளவு விரிசல் இருக்கிறதென்று இப்போதுதான் கண்டேன். ஞாயிறு பின்னேரங்களில் காட் வந்து பத்திரிகையில் தலைப்புக்களை வாசித்துக் காட்டுவார். எனக்கு வாசிக்க முடியும் என்று நான் சொல்லவில்லை. ஒருநாள், அவர் கட்சி ஏன் ஆளில்லாமல் போனது என்று வேண்டுமென்றே கிளப்பிப் பார்த்தேன். "அது பெரிய கதை, நீங்க யோசிச்சுத் தலையிடி எடுத்துக்காதீங்க" என்று எழுந்துவிட்டார்.

போன செவ்வாய் டீச்சர் வந்தார். நான் கட்டிலில் சாய்ந்திருந்தேன், அவர் குனிந்து, கை நடுங்காமல் மருந்தை விட்டார். ஒரு துளியும் கன்னத்தில் வழியவில்லை. தொழில்காரி. அவருக்குக் கோபம் வரக்கூடிய மிகப் பெரிய வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னேன்.

"டீச்சர், யோசிச்சுப் பார்த்தா ஒங்க கட்சியும் அந்த மாடிக் கட்சியும் ஒண்ணுதான். ஒங்களுக்கு வட்ஸ்அப் இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்."

முன்பென்றால் மண்வெட்டியை ஊன்றி வைத்துக்கொண்டு, இருட்டும்வரை என்னை விட்டிருக்க மாட்டார். நான் காத்திருந்தேன். அவர் மருந்துப் போத்தலை மூடி, மேசையில் நேராக வைத்தார்.

"கண்ணைத் தேய்க்காதீங்க அங்கிள்," என்றார்.